செவ்வாய் காலை ஒன்பது மணிக்கு ஒரு துணை

"துணைக்கு வர்றவங்க பேரு?"

கவுண்டரில் இருந்த பெண் பேனா மூடியைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தாள். படிவத்தில் அந்த ஒரு கட்டம்தான் காலி.

"நான் மட்டும்தான் வருவேன்."

"அது பேஷண்ட் பேரு மேடம். துணைக்கு?"

"ரெண்டு பல்லுதானே எடுக்கறீங்க. அதுக்கு எதுக்குத் துணை?"

"ஞானப்பல் மேடம். ரெண்டும் எலும்புக்குள்ள படுத்துக் கெடக்கு. முழு மயக்கம் குடுத்துத்தான் எடுக்கணும். தெளிஞ்சதும் கூட்டிட்டுப் போக ஆள் இல்லன்னா டாக்டர் தொட மாட்டார். போன தரமும் இதனாலதானே திருப்பி அனுப்பினோம்?"

அவள் வலது கன்னத்தைத் தடவிக்கொண்டாள். ஒரு வாரமாக அந்தக் கன்னம் எங்கே போனாலும் அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது.

"செவ்வாய்க்கிழமை காலைல ஒன்பது மணி. யாராவது ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க. இல்லன்னா அடுத்த தேதி ரெண்டு மாசம் கழிச்சுத்தான். அதுவரைக்கும் சீழ் உங்களுக்காகக் காத்துட்டு இருக்காது."

யாராவது ஒருத்தர். கேட்க எவ்வளவு சின்ன விஷயமாக இருக்கிறது!

பஸ் ஸ்டாப்பில் நின்று அண்ணனுக்குப் போன் செய்தாள். நாலு வருஷத்துக்கு முன்னால் அவள் ஞானஸ்நானம் எடுத்த அன்றைக்கே அம்மா பேச்சை நிறுத்திவிட்டாள். அண்ணன் மட்டும் மாதம் ஒருமுறை பேசுவான், சண்டை போடுவதற்காகவாவது.

"பல்லுக்கு ஆபரேஷனா? சரி. உன் சபைல நானூறு பேர் இருக்காங்கன்னு சொன்னியே, அதுல ஒருத்தர் வரமாட்டாங்களா?"

"வருவாங்க."

"அப்புறம் என்ன?"

"ஒண்ணுமில்ல. சும்மா சொன்னேன்."

"வரலன்னா சொல்லு. நான் லீவு போட்டுட்டு ராத்திரி பஸ் ஏறி வர்றேன். ஆனா ஒருத்தரும் வரலன்னு உன் வாயால சொல்லணும். அம்மாவையும் பக்கத்துல வெச்சுக்கிட்டுத்தான் கேப்பேன்."

"அந்த வாய்தான் இப்ப வீங்கியிருக்கு. போனை வை."

குடும்பத்திலேயே முதல் பட்டதாரி அவள்தான். முதல் பட்டதாரி சம்பாதித்து வீட்டைத் தூக்கி நிறுத்துவாள் என்று பார்த்திருந்தார்கள். அவளோ இரட்சிக்கப்பட்டுப் போனாள். தண்ணீர் சொட்டச் சொட்டத் தொட்டியிலிருந்து ஏறியவளுக்கு நானூறு பேரைக் கைகாட்டி, "இனிமே இதுதான்மா உன் குடும்பம்" என்றார் பாஸ்டர். அவளும் நம்பினாள். நம்புவதற்குத்தானே அங்கே போனது?

அந்தக் குடும்பத்தில் அவளுக்குப் பெயர் 'ஸ்லைடு சிஸ்டர்'. ஞாயிறுதோறும் கடைசி வரிசைக்கும் பின்னால் லேப்டாப்போடு உட்கார்ந்து, பாட்டு வரிகளைத் திரையில் தட்டிவிடும் ஊழியம். நானூறு பேரையும் அவளுக்குப் பின்தலையால் நன்றாகத் தெரியும். யாருக்கு வழுக்கை விழுகிறது, யார் சாயம் பூசுகிறார்கள், யார் பிரசங்கத்தில் தூங்குகிறார்கள், எல்லாம் தெரியும். வரி மாறிப்போனால் மட்டும் நானூறு முகமும் ஒரேயடியாகத் திரும்பி அவளைப் பார்க்கும். மற்றபடி, எல்லாம் ஒழுங்காக நடக்கும்வரை கடவுளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை அல்லவா, அதே கதைதான்.

அன்று மாலையே சபையின் வாட்ஸாப் குழுவைத் திறந்தாள். அதில் ஒரு கண்டிப்பு உண்டு. ஜெபக் குறிப்பைத் தவிர வேறு எதையும் போடக்கூடாது. 'வீடு மாற்றுகிறேன், ஒரு கை கொடுக்க ஆள் வேண்டும்' என்று போட்டால் அட்மின் அழித்துவிடுவார். 'வீடு மாற்றும் காரியத்துக்காக ஜெபிக்கவும்' என்று போட்டால் விட்டுவிடுவார். அட்மின், சபையில் கல்யாணம் ஆகாத அத்தனை பேரின் விவரத்தையும் கைப்பையில் வைத்திருக்கும் ஒரு பெரியம்மா. எல்லோருக்கும் அவர் 'பயோடேட்டா ஆன்ட்டி'.

ஸ்லைடு சிஸ்டர் கையிலிருந்த ஆஸ்பத்திரிப் படிவத்தைப் பார்த்து, அதே வார்த்தையில், விதிக்கு உட்பட்டு எழுதினாள்:

'செவ்வாய் காலை ஒன்பது மணிக்கு எனக்கு ஒரு துணை தேவை. தயவுசெய்து ஜெபித்துக்கொள்ளவும்.'

இரண்டு நிமிடத்தில் அறுபத்தி மூன்று ஆமென். கும்பிட்ட கைகள் திரையில் வரிசை கட்டின. அண்ணனுக்கு இதைப் படம் பிடித்து அனுப்பலாமா என்றுகூட யோசித்தாள்.

அப்போது பயோடேட்டா ஆன்ட்டியின் போன் வந்தது.

"எத்தனை தரம் கேட்டிருப்பேன்! இப்ப வேணாம் ஆன்ட்டி, இப்ப வேணாம் ஆன்ட்டின்னு தட்டிக் கழிச்சியே! கர்த்தர் உன் மனசை மாத்திட்டாரு பாத்தியா?"

"எந்த மனசை ஆன்ட்டி?"

"வெக்கப்படாதம்மா. ஏற்ற துணைக்காகத்தானே ஜெபிக்கச் சொல்லியிருக்க? அதுவும் நாள், நேரம் எல்லாம் குறிச்சு! முப்பது வருஷமா ஊழியத்துல இருக்கேன், மாப்பிள்ளையை மணி சொல்லிக் கேட்ட பொண்ணை இப்பத்தான் பாக்கறேன்."

"ஐயோ ஆன்ட்டி, அது..."

"ஸ்தோத்திரம்!" என்று ஆன்ட்டி போனை வைத்துவிட்டார்.

வேறு எந்த மனிதக் கூட்டத்திலும் 'துணை' என்றால் கூட வருகிற ஆள். இந்தக் கூட்டத்தில் மட்டும் அது மாப்பிள்ளை. படிவத்தில் 'அட்டெண்டர்' என்று போட்டுத் தொலைத்திருக்கக் கூடாதா?

மறுநாள் ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம் கேட்டுப் பார்த்தாள். கூரியர் கம்பெனியின் புகார்ப் பிரிவு அது. நாள் முழுக்கக் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, "உங்க பார்சல் கிளம்பிடுச்சு சார், வந்துட்டே இருக்கு" என்று சொல்லும் வேலை.

"செவ்வாய்க்கிழமை காலைல என்கூட ஒரு எடத்துக்கு வர முடியுமா?"

பக்கத்து சீட்டுக்காரி ஹெட்செட்டை ஒரு காதிலிருந்து மட்டும் இறக்கினாள். "எங்க?"

"ஆஸ்பத்திரிக்கு."

"ஓகோ. இந்தத் தடவை ஆஸ்பத்திரியா?"

"நிஜமாவே ஆஸ்பத்திரிதான்."

"போன வருஷம் 'நிஜமாவே பர்த்டே பார்ட்டி'ன்னு சொன்ன. கேக் இருக்குன்னு சொன்ன. நான் புது டிரெஸ் போட்டுட்டு வந்தா ஒரு பெரிய பந்தல். மேடைல ஒருத்தர் என்னைப் பாத்து 'பாவி'ன்னு கத்தறார்."

"உன்னைப் பாத்து இல்ல, எல்லாரையும் பாத்து."

"நான்தான் முன் வரிசைல இருந்தேன்! கடைசி வரைக்கும் கேக்கும் வரல."

"இந்தக் கன்னத்தைப் பாரு. வீங்கியிருக்குல்ல?"

"வீங்கியிருக்கு. ஆனா உன்கூட ஆட்டோல ஏறினா எறங்கறதுக்குள்ள என்னை இரட்சிச்சுடுவ. ஆளை விடு தாயே."

ஹெட்செட் மறுபடி காதில் ஏறியது. ஸ்லைடு சிஸ்டருக்குக் கோபம் வரவில்லை. அந்த கேக் விஷயம் நியாயம்தான். அந்த மாதம் ஆளுக்கு ஒரு ஆத்துமாவைக் கூட்டி வரவேண்டும் என்று பாஸ்டர் சொல்லியிருந்தார். ஒரு ஆத்துமாவைக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். இருந்த ஒரே சிநேகிதியைத் தொலைத்தாள்.

சாப்பாட்டு இடைவேளை முடிகிற நேரத்தில், கேட்டதைத் தெளிவுபடுத்திவிடலாம் என்று குழுவில் எழுத உட்கார்ந்தாள். அதற்குள் ஒரு கஸ்டமர் லைனில் வந்து பார்சலைக் காணோம் என்று கத்தினான். ஒரு காதில் அவனை வைத்துக்கொண்டு ஒற்றை விரலால் அவசரமாகத் தட்டினாள்:

'சிறு திருத்தம். துணை ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும்.'

சாயங்காலத்துக்குள் நான்கு பயோடேட்டா வந்து சேர்ந்தன. ஒரு ஆண் நர்ஸ், ஒரு லேப் டெக்னீஷியன், எக்ஸ்ரே எடுக்கிற ஒருவர், ஆம்புலன்ஸ் ஓட்டுகிற ஒருவர். கூடவே ஆன்ட்டியின் குரல் பதிவு: "டாக்டர் மாப்பிள்ளைதான் வேணும்னு நெனப்பு இருந்தா அதைச் சிலுவைல அறைஞ்சிடும்மா."

ஞாயிறன்று விஷயம் பிரசங்கத்துக்கே ஏறிவிட்டது.

"நம்ம சபைல ஒரு மகள்," என்று ஆரம்பித்தார் பாஸ்டர். "தேதி குறிச்சு, நேரம் குறிச்சு, தொழிலும் குறிச்சுக் கேட்டிருக்கா! அதுதான் விசுவாசம்! சிஸ்டர், அந்த ஜெபக் குறிப்பை ஸ்கிரீன்ல போடுங்க!"

சிஸ்டர் போட்டாள். தன் அவமானத்தைத் தானே முப்பத்தாறு பாயிண்ட் எழுத்தில், நீலப் பின்னணியில் போட்டாள். நானூறு தலை திரும்பி நானூறு முகமாயிற்று. இந்தத் தடவை ஸ்லைடில் பிழை இல்லை, அதுதான் பிழை.

ஆராதனை முடிந்ததும் ஓடிப்போய்ப் பாஸ்டரம்மாவைப் பிடித்தாள். அடுத்த ஆராதனைக்கு அரை மணி நேரம் இருந்தது. பாஸ்டரம்மா ஒரு கையில் டீ டம்ளரும் மறு கையில் யாரோ ஒருத்தரின் அழுகிற குழந்தையுமாக நின்றார்.

"அம்மா, எனக்கு மாப்பிள்ளை வேணாம். செவ்வாய்க்கிழமை ஞானப்பல் ஆபரேஷன். கூட உக்கார ஒரு ஆள் வேணும். மூணு மணி நேரம் போதும்."

"அட கண்ணு! இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?" பாஸ்டரம்மா குழந்தையை இறக்கிவிட்டார். டம்ளரை ஜன்னலில் வைத்தார். ஸ்லைடு சிஸ்டருக்கு நெஞ்சு குளிர்ந்தது. அப்பாடா, ஒருத்தர்!

பாஸ்டரம்மா அவள் கன்னத்தில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்தார்.

டீ டம்ளரின் சூடு இன்னும் அந்தக் கையில் இருந்தது. அவள் முகத்தை ஒரு மனுஷக் கை தொட்டு நாலு வருஷம் ஆகிறது. கடைசியாகத் தொட்டது அம்மா, அதுவும் அறைவதற்கு. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"வலி போயிடுச்சா கண்ணு?"

இல்லை என்றால் கை எடுபட்டுவிடும் போலிருந்தது. ஆமாம் என்றாலும் எடுபட்டுவிடும். "கொஞ்சம்... பரவாயில்லம்மா," என்றாள்.

அவ்வளவுதான். இரண்டாம் ஆராதனையில் மைக்கைப் பிடித்தார் பாஸ்டர். "ஆபரேஷன் இல்லாம, மருந்து இல்லாம, ஒரு ஞானப்பல் சுகமாயிருக்கு! சிஸ்டர், சாட்சியை ஸ்கிரீன்ல போடுங்க!"

'ஞானப்பல் சுகமானது' என்று அவளே தட்டினாள். இடது கையால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, வலது கையால். சபை கைதட்டியது. ஒவ்வொரு தட்டும் கடைவாயில் இறங்கியது.

இப்போது நிலைமையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். வியாழக்கிழமை கவுண்டரில் நின்றபோது அவளிடம் இல்லாதது ஒரு ஆள் மட்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் நோயும் இல்லை என்று ஆகிவிட்டது. இனிமேல் ஆபரேஷனுக்குப் போனால் பாஸ்டரம்மாவின் கையைப் பொய்யாக்கிவிட்டுப் போகிறாள் என்று அர்த்தம். அவளுக்காக நானூறு பேர் ஜெபித்தார்கள். அதில் பொய் இல்லை. சிலர் உபவாசம்கூட இருந்தார்கள். செவ்வாய் காலை அவர்களில் யாருக்குமே வேலை இல்லாமல் போயிருக்காது. ஆனாலும் 'எந்த ஆஸ்பத்திரிம்மா?' என்று ஒருத்தர் கேட்டிருக்கலாம். எழுதுகிற எனக்கு வயிறு எரிகிறது. அவளுக்கு எரியவில்லை. ஒருவேளை தான் சரியாகக் கேட்கவில்லையோ என்றுதான் நினைத்தாள்.

திங்கட்கிழமை மத்தியானம் அண்ணனின் செய்தி வந்தது: 'யாராவது கிடைச்சாங்களா? சாயங்காலம் ஆறு மணிக்குள்ள சொன்னாத்தான் பஸ் பிடிக்க முடியும்.'

பதில் எழுத விரல் எழவில்லை. 'ஒருத்தரும் இல்லை' என்று எழுதினால் முடிந்தது. நாளைக்கு அண்ணன் வருவான், பல் போகும். பல்லோடு சேர்ந்து நாலு வருஷமும் போகும். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்பாள்.

நாலரை மணிக்கு பயோடேட்டா ஆன்ட்டி கூப்பிட்டார்.

"ஒரு வரன் வந்திருக்கு. வேற சபைத் தம்பி. லிஃப்ட் மெக்கானிக். ஆஸ்பத்திரில வேலை இல்ல, ஆனா ஆஸ்பத்திரி லிஃப்டும் பாப்பாராம், கிட்டத்தட்ட அதேதானே? அவங்க சபைலயும் ரெண்டு மாசமா ஏற்ற துணைக்காக உருகி உருகி ஜெபிச்சுட்டு இருக்காங்களாம். எப்ப பாக்கலாம்?"

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தவளுக்கு, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு குறுக்கு யோசனை உதித்தது.

"நாளைக்குக் காலைல ஒன்பது மணி," என்றாள். "ஆஸ்பத்திரில வெச்சுப் பாக்கலாம், ஆன்ட்டி. பெரிய ஆஸ்பத்திரி, முன் கவுண்டர் பக்கம்."

"எதுக்கும்மா ஆஸ்பத்திரி?"

"ஜெபக் குறிப்புல அப்படித்தானே இருக்கு?"

ஆன்ட்டியால் அதை மறுக்க முடியவில்லை. பத்தே நிமிடத்தில் திரும்பக் கூப்பிட்டார். "கர்த்தரோட செயலைப் பாரு! ஆஸ்பத்திரின்னு சொன்னதும் அந்தத் தம்பிக்கு அவ்வளவு சந்தோஷம். அந்த ஆஸ்பத்திரியா, அந்த ஆஸ்பத்திரியேதானான்னு ரெண்டு தரம் கேட்டுக்கிட்டாரு. வேற எதுவுமே கேக்கல, உன் போட்டோகூடக் கேக்கல!"

ஒரு அப்பாவியை ஏமாற்றப் போகிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது. பொய் ஒன்றும் சொல்லவில்லை, உண்மையைச் சொல்லாமல் விட்டாள். இதைக் கண்டிக்கவே சபையில் தனியாக ஒரு பிரசங்கம் உண்டு. அதற்கும் ஸ்லைடு போட்டவள் அவள்தான். 'ஒரு மூணு மணி நேரம் மட்டும் மன்னியும் ஆண்டவரே' என்று கேட்டுக்கொண்டு அண்ணனுக்கு எழுதினாள்: 'ஆள் வர்றாங்க.'

செவ்வாய்க்கிழமை எட்டு ஐம்பதுக்கு அவர் வந்துவிட்டார். ஒல்லியான மனிதர். இஸ்திரி போட்ட சட்டை, தோளில் ஒரு பை, கக்கத்தில் ஒரு ஃபைல். பயோடேட்டாவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

"ஸ்தோத்திரம் சிஸ்டர்."

"ஸ்தோத்திரம் பிரதர். டீ சாப்பிடறீங்களா? நான் இன்னிக்கு எதுவும் சாப்பிடக்கூடாது."

"நானும்தான் சிஸ்டர். காலைலருந்து பல்லுல பச்சைத் தண்ணிகூடப் படல."

உபவாசம்! பெண் பார்க்க வருவதற்கு ஒரு மனிதன் உபவாசம் இருந்திருக்கிறான்! குற்ற உணர்ச்சியில் அவர் முகத்தைப் பார்க்காமல் கவுண்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"துணைக்கு வர்றவங்க?" என்று கூப்பிட்டாள் கவுண்டர் பெண்.

ஸ்லைடு சிஸ்டர் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் முன்னால் போய் நின்றார். "நான்தான்." படிவத்தை வாங்கி ஒரு வரி விடாமல் படித்தார்.

"ஏம்மா, கையெழுத்துப் போட்டாப் போதுமா, இல்ல ஆள் இங்கேயே இருக்கணுமா?"

"இருக்கணும் சார்."

"சொந்தக்காரங்களாத்தான் இருக்கணுமா?"

"யாரா இருந்தாலும் சரி. ஒரு ஆள் வேணும், அவ்வளவுதான்."

"யாரா இருந்தாலும் சரி," என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, பெரிய பாரம் இறங்கியது போல் மூச்சு விட்டுக் கையெழுத்துப் போட்டார்.

இருவரும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு நாற்காலி காலி.

"உங்க சபைல எத்தனை பேர் சிஸ்டர்?"

"நானூறு. உங்க சபைல?"

"அறுநூறு இருக்கும்."

அவர் ஏனோ சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு வந்தது.

"பிரதர், நான் உங்ககிட்ட ஒரு உண்மையைச் சொல்லணும்."

"எனக்கும் ஒண்ணு சொல்லணும் சிஸ்டர். ஆனா நீங்க முதல்ல உள்ள போயிட்டு வாங்க. போயிட்டு வந்ததுக்கப்புறம் என் மேல கோவப்பட்டாப் பரவாயில்ல."

இவ்வளவு பெருந்தன்மையை அவள் எதிர்பார்க்கவில்லை. செருப்பு, பை, போன் எல்லாவற்றையும் அவரிடம் கொடுத்தாள். அவர் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஸ்ட்ரெச்சரில் போகும்போது மேலே ட்யூப்லைட்டுகள் ஒவ்வொன்றாகப் பின்னால் நகர்ந்தன. வெளியே ஒரு ஆள் அவள் செருப்பைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இதற்காக நாலு வருஷமாக எத்தனை பாட்டுக்கு வரி தட்டியிருக்கிறாள்! தெளிந்ததும் முதல் வேலையாக மன்னிப்புக் கேட்க வேண்டும். ஒருவேளை, ஒருவேளைதான், அந்தப் பயோடேட்டாவையும் வாங்கிப் பார்க்கலாம். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொன்னார்கள். ஐந்து வரை நினைவிருக்கிறது.

கண் விழித்தபோது வாய் நிறையப் பஞ்சு இருந்தது. உதடு எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. தலைமாட்டில் அவளுடைய பையும், ஜோடி சேர்த்து வைத்த செருப்பும், பக்கத்தில் இன்னொரு பையும் இருந்தன. நாற்காலியில் ஆள் இல்லை.

"அஅர்... எஞ்ஞே?" என்று பஞ்சுக்குள்ளிருந்து கேட்டாள்.

நர்ஸ் அவள் கன்னத்தில் ஐஸ் பையை அமுக்கி, ஒரு படிவத்தையும் பேனாவையும் கையில் திணித்தாள்.

"சீக்கிரம் தெளிஞ்சு எழுந்து உக்காருங்க மேடம், அவரை மாடிக்கு ஹெர்னியா ஆபரேஷனுக்குக் கொண்டு போயிட்டாங்க, ரெண்டு மாசமா ஆள் கிடைக்காமத் தள்ளிப் போட்டுட்டே இருந்தாராம், இன்னிக்குத் துணைக்கு வந்திருக்கறது நீங்கதான்னு எழுதிக் குடுத்திருக்காரு."